அம்மாவின் அடுப்பும் ஆங்கில நாட்டுக் கணப்பும்

ஓய்வுபெற்ற பேராசிரியர், வேதியியல் துறை

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பத்து மூன்று ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பழமொழிக்கு நான் ஒரு சிறு திருத்தம் சொல்வதுண்டு. நெருப்பு நெருப்பாக இருந்தால் அவ்வளவாகப் புகையாது. அது அரைகுறையாக இருக்கும்போதுதான் புகைகிறது. எரிய வேண்டியது எரியாமல் தப்பித்து ஓடுவதற்குத்தான் புகை என்று பெயர். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் என்று கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகள் எழுதுவேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். மணி அடிக்கும். அத்தோடு சரி. அந்த இரண்டாவது சமன்பாட்டின் முழுப் பொருளும் எனக்கே விளங்கியது, பணி ஓய்வு பெற்ற பிறகு, கடல் கடந்த ஒரு நாட்டில், ஓர் அடுப்பு வாங்கப் போன இடத்தில்தான்.

மலர்க் குழுவினர் வந்து, "ஐயா, மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது, தனிம வரிசை அட்டவணையைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினேன். அது பாடநூலிலேயே இருக்கிறது. பாடநூலில் இல்லாத ஒன்றை, நான் ஒரு முறை தவறாகவும் மறுமுறை ஓரளவு சரியாகவும் செய்த ஒரு காரியத்தை எழுதுவதே மேல் என்று பட்டது. அதுதான் அடுப்புத் தேர்வு.

முதலில் தவறாகச் செய்ததைச் சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டுக் கிராமம். அங்கே அடுப்புக்கு விறகு என்று தனியாக எதையும் விலைக்கு வாங்குவதில்லை. பருத்தி எடுத்து முடித்த பின் பிடுங்கிய மார், சோளத்தட்டை, சீமைக்கருவேல முள், வறட்டி - எது கிடைக்கிறதோ அதுதான் எரிபொருள். என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால், ஏழு மணி வரை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார்கள். மழைக்காலத்தில் மார் நனைந்து விட்டால் அன்றைய பாடு சொல்லி முடியாது. ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதிக் கண் இரண்டும் கோவைப் பழமாகச் சிவந்திருக்கும். ஓட்டுக் கூரையின் உட்புறம் கரி படிந்து, மூங்கில் கைமரங்கள் பளபளவென்று கறுத்துக் கிடக்கும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்ததால், அடுப்படி என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்றே நினைத்திருந்தோம்.

1985-ஆம் ஆண்டு நான் விரிவுரையாளராகப் பணியில் சேர்ந்தேன். மத்திய அரசு நாடெங்கும் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. 'புகையில்லா அடுப்பு' என்று ஊரில் அதற்குப் பெயர். வேதியியல் படித்த மகன் சும்மா இருப்பேனா? விடுமுறையில் ஊருக்குப் போனபோது நானே மனுக் கொடுத்து, ஆள் வரவழைத்து, அம்மாவின் பழைய அடுப்பை இடித்துவிட்டுப் புதிய அடுப்பைப் போடச் செய்தேன். மண்ணாலான மேடை, மேலே இரண்டு கண்கள், பின்னால் கூரையைத் துளைத்துச் செல்லும் ஒரு குழாய். அன்று மாலை அந்தக் குழாயின் நுனியில் புகை போவதைத் தெருவில் நின்று பார்த்து எனக்கு ஒரே பெருமை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்குய்யா" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது அந்த அடுப்பின் வாய் உடைந்து பெரிதாகியிருந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அடுப்பே இல்லை. பழைய மூன்று கல் அடுப்பு திரும்ப வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏம்மா இடிச்சீங்க?" என்று சத்தம் போட்டேன். அம்மா நிதானமாகச் சொன்னார்கள்: "அந்தச் சின்ன வாய்க்குள்ள முள்ளு போகல ராசா. மாரை முழ நீளமா வெட்டிப் போடுன்னா, நான் காட்டுக்குப் போறதா, மாரு வெட்டிக்கிட்டு இருக்கிறதா? நம்ம பெரிய பானை அந்தக் கண்ணுல உக்காரல. நாலு மாசத்துல குழாய் அடைச்சுக்கிட்டு முழுப் புகையும் உள்ளதான் வந்துச்சு."

குழாயை மாதம் ஒரு முறை தட்டித் துடைக்க வேண்டும் என்று அடுப்புப் போட்டவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தப் பானையில் சமைக்கிறீர்கள், எதை எரிக்கிறீர்கள் என்று அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. அடுப்பைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதன் முன்னால் உட்கார்ந்தவர் அவர்.

1997-இல் அம்மா மூச்சிளைப்போடு படுத்தபோது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, அடங்க வெகு நேரமாயிற்று. வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாதவர் அவர். அந்த ஆண்டு ஐப்பசியில் அவர் காலமானார். மருத்துவரின் அந்தக் கேள்வி மட்டும் என்னுடன் தங்கிவிட்டது.

இனி இரண்டாவது அடுப்பின் கதைக்கு வருகிறேன்.

என் மகள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவள் வீட்டில் சில மாதம் தங்கிவரச் சென்றிருந்தேன். ஷெஃபீல்டு எஃகுக்குப் பெயர்பெற்ற ஊர். நம் வீட்டுக் கத்தி, கரண்டிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் தாய்வீடு. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளிவந்த தம் நூலில், இந்த ஊர்த் தெருவில் நின்று கண்ணுக்குத் தெரிந்த ஆலைப் புகைபோக்கிகளை எண்ணியதாகவும், முப்பத்து மூன்று வரை எண்ண முடிந்ததாகவும், புகை மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ தெரிந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நான் போன ஷெஃபீல்டில் வானம் தெளிவாக இருந்தது. மேடும் பள்ளமுமான தெருக்கள். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டின் தலையிலும் நான்கைந்து புகைபோக்கிகள். ஆனால் ஒன்றிலிருந்தும் புகை இல்லை. வெறும் அலங்காரம் போல நின்றிருந்தன.

அந்த வீடுகள் நிலக்கரி எரித்த காலத்தில் கட்டியவை. இப்போது எல்லா வீடுகளிலும் எரிவாயுக் கொதிகலனும் அதிலிருந்து அறைக்கு அறை ஓடும் வெந்நீர்க் குழாய்களும் வந்துவிட்டன. ஆனால் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பின் எரிவாயு விலை ஏறிக்கொண்டே போனது. குளிர்காலம் நெருங்க நெருங்க, யாரைக் கண்டாலும் இதே பேச்சு. விறகுக் கணப்பு வாங்கப் போவதாகப் பலரும் சொன்னார்கள். என் மகள் வீட்டிலும், முன்னறையில் பலகை வைத்து அடைத்திருந்த பழைய கணப்பு மாடம் ஒன்று இருந்தது.

"அப்பா, நாமளும் ஒரு விறகு ஸ்டவ் வாங்கிரலாம்னு இருக்கோம். நீங்கதான் கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே, பார்த்துச் சொல்லுங்க" என்றாள் மகள். மாப்பிள்ளையும், "ஆமாம் மாமா, எனக்கு இந்த விவரமெல்லாம் பிடிபடல" என்றார். அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கோ நெஞ்சில் சுருக்கென்றது. என் தேர்வு எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இந்த முறை கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் சட்டத்தை எழுதினேன். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைப் புகைமூட்டம் கவ்விப் பிடித்தது. காற்று அசையவில்லை, குளிருக்கு வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகையும் ஆலைப் புகையும் பனியோடு கலந்து தரைமட்டத்தில் தங்கிவிட்டன. நான்காயிரம் பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையைப் பன்னிரண்டாயிரம் வரை கொண்டு போயின. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டப்படி நகரங்களில் 'புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள்' வகுக்கப்பட்டன. ஷெஃபீல்டின் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். அங்கே வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தால் நகராட்சி 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். புகையில்லா எரிபொருள் என்று அனுமதி பெற்றவற்றை எரிக்கலாம். அல்லது, விறகுதான் எரிக்க வேண்டுமென்றால், விலக்கு அளிக்கப்பட்ட அடுப்பில் மட்டுமே எரிக்கலாம். எந்தெந்த மாதிரி அடுப்புகளுக்கு விலக்கு உண்டு, அவற்றில் எதை எரிக்கலாம் என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அடுப்பின் பெயரும் மாதிரி எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறது, விலை மலிவு என்று வாங்கிவிட்டுப் பிறகு பட்டியலைத் தேடினால் பயனில்லை.

கடைக்குப் போனோம். வார்ப்பிரும்பும் எஃகுமாக, கண்ணாடிக் கதவு போட்ட அடுப்புகள் வரிசையாக நின்றன. விற்பனையாளர் நல்ல மனிதர். 'ஈக்கோடிசைன்' என்ற முத்திரையைக் காட்டினார். 2022 ஜனவரி முதல் அந்நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய அடுப்புகள் எட்ட வேண்டிய தரம் அது: துகள், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றுக்கு உச்சவரம்பு; மூடிய அடுப்பு எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 65 விழுக்காட்டையாவது அறைக்குத் தர வேண்டும். "அப்படியானால் இது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் போதும்தானே?" என்று மாப்பிள்ளை கேட்டார். போதாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். இரண்டும் வெவ்வேறு சோதனைகள். நமக்கு இரண்டும் வேண்டும்.

அடுத்தது அளவு. விற்பனையாளர் 8 கிலோவாட் அடுப்பு ஒன்றை மிகவும் புகழ்ந்தார். பெரிதாக வாங்கினால் குறைத்து எரித்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் நோட்டைப் பிரித்தேன். அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.7 மீட்டர், கன அளவு ஏறத்தாழ 43 கன மீட்டர். சுமாரான காப்புள்ள அறையில் 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது அங்கே வழக்கத்திலுள்ள கணக்கு. வகுத்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல். 4 கிலோவாட் அடுப்பே தாராளம். 8 கிலோவாட் அடுப்பை இந்த அறையில் வைத்தால் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும். உடனே காற்றுத் திறப்பை அடைப்போம். காற்றில்லாத நெருப்பு கனன்று கனன்று புகையைக் கக்கும். புகைபோக்கிக்குள் தார் படியும். ஆக, பெரிய அடுப்பு வாங்குகிறவன் பணம் கொடுத்துப் புகை வாங்குகிறான். தவிர, 5 கிலோவாட்டுக்கு மேற்பட்டால் சுவரில் நிரந்தரமாக ஒரு காற்றுத் துளையும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, காற்று வரும் வழி. இங்கேதான் என் கரும்பலகைச் சமன்பாடு உயிர் பெற்று எழுந்தது. விறகு அப்படியே எரிவதில்லை. சூடேறியதும் அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு வாயுவாக வெளியேறுகிறது. நாம் காணும் தழல் அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும், போதிய காற்றும், இரண்டும் நன்றாகக் கலக்கச் சற்று நேரமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாயு புகையாகப் போய்விடும். நல்ல அடுப்பில் காற்று மூன்று வழியாக வருகிறது. கீழிருந்து வருவது பற்றவைக்க. மேலிருந்து கண்ணாடியை ஒட்டி இறங்குவது கண்ணாடியில் கரி படியாமல் காத்து, தழலுக்கும் துணை செய்யும். பின்சுவரில் உள்ள சிறு துளைகளின் வழியே சூடாகி வரும் மூன்றாவது காற்று, தப்பிக்கப் பார்க்கும் வாயுவை மேலேயே பிடித்து எரிக்கிறது. உட்சுவரில் வைத்திருக்கும் தீச்செங்கல்லோ வெர்மிகுலைட் பலகையோ வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. விலக்குப் பெற்ற அடுப்புகள் பலவற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு: காற்றுத் திறப்பை முழுதும் அடைக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருப்பார்கள். மனித சுபாவம் தெரிந்து செய்த தடை அது! என் தாயார் ஊதாங்குழலால் ஊதிக் கொடுத்ததும் இந்தக் காற்றைத்தான். அடுப்பு செய்ய வேண்டிய வேலையை அவருடைய நுரையீரல் செய்தது.

நான்காவது விறகு. எவ்வளவு உயர்ந்த அடுப்பானாலும் ஈர விறகின் முன் தோற்றுப்போகும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.3 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. அறைக்கு வர வேண்டிய வெப்பம் தண்ணீரோடு போய்விட, தீயும் குளிர்ந்து புகைகிறது. 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாகச் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு 'எரிக்கத் தயார்' என்று ஒரு முத்திரையும் உண்டு.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், தோட்டத்தில் வெட்டிய ஆஷ் மரத்தைச் சும்மா தருவதாகச் சொன்னார். அவர் தந்த துண்டு ஒன்றைப் பிளந்து, உட்புறத்தில் ஈரமானியின் இரு ஊசிகளையும் குத்திப் பார்த்தேன். 38 விழுக்காடு காட்டியது. வெளிப்புறத்தில் குத்தியபோது 19 தான்! மேலே காய்ந்து உள்ளே நனைந்திருந்தது. பிளந்து, மேலே கூரையும் பக்கங்கள் திறப்புமாக அடுக்கி, ஓராண்டு இரண்டாண்டு காயவிட்டால்தான் அது விறகு. சாயம் பூசிய ஜன்னல் சட்டம், மருந்தடித்த பலகை இவற்றை எந்த நாளும் எரிக்கக் கூடாது.

ஐந்தாவது, புகைபோக்கி. பழைய கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகு உட்குழாய் இறக்க வேண்டும். பொதுவாக 150 மில்லிமீட்டர் விட்டம். விலக்குப் பெற்ற அடுப்பானால் 125-ம் போதும். அடுப்பின் கீழும் முன்னும் தீப்பிடிக்காத கல்மேடை வேண்டும். பதிவு பெற்ற தொழிலாளியே பொருத்த வேண்டும். இல்லையேல் நகராட்சிக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்துச் சோதனைக்கு விட வேண்டும். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி கட்டாயம். ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாயைத் துடைக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா சற்று நின்றது. 1985-இல் எழுதாமல் விட்ட வரி அது.

நவம்பர் கடைசியில் என் நோட்டு நிறைந்துவிட்டது. பட்டியலில் உள்ள ஒரு 4 கிலோவாட் அடுப்பு, இரு தரமும் பெற்றது, முடிவாயிற்று. முன்பணம் கட்டுவதுதான் பாக்கி.

அப்போதுதான் என் பேரனுக்கு இழுப்பு வந்தது. அவனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளி. வீட்டில் இன்ஹேலர் எப்போதும் உண்டு. ஆனால் அன்று இரவு அவன் மூச்சு விட்ட ஓசையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1997-இல், எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் கேட்ட அதே ஓசை. நான் எழுந்து உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். சட்டம், அளவு, காற்று, விறகு, குழாய் எல்லாம் இருந்தன. இந்த அடுப்பின் பக்கத்தில் மூச்சு விடப் போகிறவர்கள் யார் என்பதற்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை. கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று தொடங்கியவன், கடைக்காரரைக் கேட்டேன், ஈரமானியைக் கேட்டேன், வீட்டில் இருப்பவர்களைக் கேட்கவில்லை!

மறுநாள் கேட்கத் தொடங்கினேன். பேரனைப் பார்க்கும் மருத்துவரிடம் மகள் கேட்டுவந்தாள். வேறு வழியில் வீட்டைச் சூடாக்க முடிந்தால் விறகு எரிக்காமலிருப்பதே குழந்தைக்கு நல்லது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் கிறிஸ் விட்டி காற்று மாசு பற்றிய ஆண்டறிக்கையை வெளியிட்டார். புதிய தரம் பெற்ற அடுப்பும்கூட எரிவாயுக் கொதிகலனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நுண்துகளை வெளிவிடுகிறது என்பதை அது எடுத்துக்காட்டியது. விலக்கு என்றால் அபராதத்திலிருந்து விலக்கு. நுரையீரலுக்கு விலக்கு இல்லை.

பிறகு ஒட்டிய வீட்டு அம்மாளிடம் போனேன். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், அவரும் இன்ஹேலர் வைத்திருப்பவர். நாங்கள் அடுப்பு வைக்க எண்ணியதைச் சொன்னதும், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தேநீர் கொடுத்துவிட்டுத் தம் சிறு வயதுக் கதையைச் சொன்னார். அவர் தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாயார் துணி துவைத்துக் கொடியில் போட்டால், எடுக்கும்போது அதில் கரித் துணுக்குகள் ஒட்டியிருக்குமாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் துவைப்பார்களாம். "உங்கள் புகைபோக்கியும் என் படுக்கையறை ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன; ஏற்றும் நாளில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மூடிக்கொள்கிறேன்" என்றார். அம்மா "நல்லாத்தான் இருக்குய்யா" என்று சொன்ன குரலும் இப்படித்தான் இருந்தது. நல்லவர்கள் இப்படித்தான் நம்மைத் தப்பவிட்டுவிடுகிறார்கள்.

அன்றிரவு மூவரும் உட்கார்ந்து பேசினோம். அடுப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஆச்சி அடுப்பு மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கும்னு நினைச்சேன்ப்பா" என்றாள். அப்போதுதான் அந்தப் பழைய கதையை அவளுக்கு முதன்முதலாகச் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. அடுப்புக்கென்று வைத்திருந்த பணத்தில் கூரைக்குக் கீழே 270 மில்லிமீட்டர் கனத்துக்குப் பஞ்சுப் போர்வை விரித்தோம், கதவிடுக்குகளை அடைத்தோம், கனத்த திரைகள் போட்டோம். அந்த டிசம்பரில் கடுங்குளிர் வந்தபோதும் கொதிகலனைக் குறைத்து வைத்தே சமாளிக்க முடிந்தது.

அப்படியானால் என் நோட்டு வீணா? இல்லை. மாப்பிள்ளையுடன் பணிபுரியும் ஒருவர், நகரின் மேற்கு ஓரத்தில், எரிவாயுக் குழாய் எட்டாத மலைச்சரிவில் குடியிருக்கிறார். மின்சாரக் கணப்பு ஒன்றே அவருக்கு வழி. புயலில் மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். வீட்டில் மூச்சு நோயாளிகள் யாருமில்லை. இவற்றையெல்லாம் முதலில் கேட்ட பிறகே நோட்டைக் கொடுத்தேன். அவர் அறையையும் அளந்தோம்; அதற்கும் 4 கிலோவாட்தான் வந்தது. பட்டியலில் இருந்த அடுப்பையே வாங்கினார். இரண்டாண்டு காய்ந்த விறகு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பிளந்து குத்தியபோது ஈரமானி 17 காட்டியது.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றவைக்க எங்களையும் அழைத்தார். பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே அடுக்கி, உச்சியில் தீ வைத்தோம். இப்படி மேலிருந்து கீழாக எரியவிட்டால், கீழேயிருந்து எழும் வாயு தழலின் ஊடே போய் எரிந்துவிடும். தொடக்கப் புகை குறையும். எல்லோரும் கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்து கை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வெளியே தோட்டத்துக்குப் போய்ப் புகைபோக்கியின் நுனியைப் பார்த்தேன். முதலில் மெல்லிய சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் நின்றது. கோடைக்காலத்துத் தார்ச்சாலையின் மேல் நெளியுமே, அதுபோலக் காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. 1985-இல் தெருவில் நின்று, குழாயில் புகை வருவதைக் கண்டு நான் பெருமைப்பட்டேன். அது பெருமைப்பட வேண்டிய காட்சியல்ல என்பது எனக்கு அன்று தெரியவில்லை. புகை கூரைக்கு வெளியே போனதைத்தான் கண்டேனே தவிர, எரியாமல் போனதைக் காணவில்லை.

பிப்ரவரியில் ஊர் திரும்பினேன். சொந்தக் கிராமத்துக்கும் ஒரு நடை போய்வந்தேன். பெரும்பாலான வீடுகளில் எரிவாயு சிலிண்டர் வந்துவிட்டது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவர்களும் உண்டு. ஆனால் சிலிண்டர் தீர்ந்து, கையில் காசில்லாத நாட்களில், கொல்லைப்புறத்தில் பழைய மூன்று கல் அடுப்பு மறுபடியும் எரிகிறது. வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் என்றும் அதுதான். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிகிறது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் என்னைப் போலக் கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாளை நீங்களும் வீட்டுக்கு எதையாவது தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு போவீர்கள். அடுப்பாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். பட்டியலைப் பாருங்கள், அளவை அளந்து பாருங்கள், விலையையும் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், அதை நாள்தோறும் கையாளப் போகிறவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் அம்மா அடுப்பு மூட்டும்போது அடுப்படிக்குள் போய், வெளியே ஓடி வராமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். வேதியியலின் அந்த இரண்டாவது சமன்பாடு தானே விளங்கிவிடும்.

நான் அப்படி உட்காரவில்லை. என் நோட்டுப் புத்தகத்தை ஷெஃபீல்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். வருவதற்கு முன், முதல் பக்கத்துக்கும் முன்னால் வெறுமையாக இருந்த அட்டையின் உட்புறத்தில் ஒரு வரி எழுதினேன்: 'முதலில் கேட்க வேண்டியது - யார் மூச்சு விடுகிறார்கள்?'